குறையறிதலும் குறைதீர்த்தலும்

 

கடந்த ஆண்டு கார்த்திகை நந்தீசுவர நாள்களில் போளூரை அடுத்த திருமலைக்குச் சென்றிருந்தோம். குந்தவை ஜினாலயத்தில் வழிபாடு முடிந்ததும், உடன் வந்தோர் யாவரும் நேமிநாத பகவானின் திருவுருவத்தைத் தரிசிக்கப் படியேறினர். எழுபதைக் கடந்த நாம் முழங்கால் நோவினால் கீழேயே அமர்ந்துவிட்டோம். நம் அருகில் வந்து அமர்ந்தவள் நம் தமக்கையின் மகள். அவளுக்கு வயது நாற்பத்தாறு. ஓடி ஏற வேண்டிய வயது. நான்கு படி ஏறி, மூச்சிரைத்து, கைப்பிடிச் சுவரைப் பற்றியபடி இறங்கி வந்துவிட்டாள். சற்று நேரம் பேசாதிருந்துவிட்டு, “சின்னம்மா, மறுபடியும் வயிற்றில் அறுவை செய்துகொள்ளச் சொல்கிறார்கள். முதன்முறை செய்ததே வீணாயிற்று. இன்னொரு முறை அதை நாடுவது பாவமாகுமா?” என்று கேட்டாள்.

அவ்வினாவுக்கு அன்று நம்மால் விடை கூற இயலவில்லை. பின்னர் எண்ணியவற்றையும் கேட்டறிந்தவற்றையும் இங்கே உங்கள் முன் வைக்கிறோம்.

பேரணாம்பட்டில் நாம் ஆசிரியப் பணியாற்றிய காலத்தில் நம் இல்லத்திலேயே தங்கிப் படித்தவள் அவள். ஊரைச் சுற்றித் தோல் பதனிடும் சாலைகள். காற்று திரும்பினால் அந்த வாடை வகுப்பறைக்குள்ளும் வரும். சிறு வயதில் அவள் மூக்கைப் பொத்திக்கொள்வாள். அத்தொழிலால் உண்ணும் வீட்டுப் பிள்ளைகள் பக்கத்தில் அமர்ந்திருக்கையில் அவ்வாறு செய்தல் ஆகாது என்று கண்டித்திருக்கிறோம். படித்து, மணந்து, அவ்வூரிலேயே கணவரின் துணிக்கடையைக் கவனித்து வந்தாள். இரண்டாம் மகப்பேற்றுக்குப் பின் உடல் பெருத்தது; நீரிழிவும் வந்தது. 2017இல், 112 கிலோ எடையிருந்தபோது, சென்னையில் தனியார் மருத்துவமனை ஒன்றில் இரைப்பையைக் குறைக்கும் அறுவை செய்துகொண்டாள். ஒன்றரை ஆண்டில் 78 கிலோவாக இறங்கிற்று. நீரிழிவு மாத்திரையும் நின்றது. நான்காம் ஆண்டிலிருந்து எடை மீண்டும் ஏறத் தொடங்கி இப்பொழுது 101இல் நிற்கிறது. நீரிழிவும் திரும்பிற்று. அதனினும் கொடிது, இரவில் அமிலம் தொண்டைவரை எதுக்களித்து வருவதனால் மூன்று தலையணைகளை அடுக்கி உட்கார்ந்தபடியே உறங்குகிறாள்.

ஊரார் என்ன சொல்வர் என்பது உங்களுக்குத் தெரியும். “நாவை அடக்காதவள்”, “பணத்தைக் கொட்டினாள்” என்பன அவற்றுள் சில. பிறரைச் சொல்லுவானேன்? முதல் அறுவையின்போது நாமே அவளிடம், “நோன்பு நோற்கத் தெரிந்த குலத்திற் பிறந்து, பசியைக் கத்தியால் அறுத்துக்கொள்ளப் போகிறாயே” என்று கூறினோம். எடை ஏறத் தொடங்கியபோது அவள் நம்மிடம் சொல்லாமல் மறைத்ததற்கு அச்சொல்லே காரணம் என்று திருமலையின் அடிவாரத்தில்தான் அறிந்தோம். நாள்தோறும் பிரதிக்கிரமணத்தில் அறியாது மிதித்த சிற்றுயிர்களிடமெல்லாம் பொறுத்தல் வேண்டுகிறோம். இச்சொல் எட்டாண்டுகள் நம் நினைவுக்கு வரவில்லை.

இனி, நம் சமயத்து நல்லாசிரியர் ஒருவரின் வரலாற்றை நினைவுகூர்வோம். இரத்தினகரண்ட சிராவகாசாரம் அருளிய சமந்தபத்திர சுவாமிகள் காஞ்சியோடு தொடர்புடையவர். துறவு பூண்டிருந்த காலத்தில் அவரைப் பஸ்மக வியாதி பற்றிற்று என்று கதை நூல்கள் கூறும். உண்டதெல்லாம் எரிந்து சாம்பலாகும், பசி தணியாது. முனிவர்க்கோ நாளைக்கு ஒரு வேளை, நின்றபடி, கையில் ஏற்கும் உணவு மட்டுமே. விரதத்தைக் காத்தால் உடல் அழியும். உடலைக் காத்தால் விரதம் அழியும். அவர் குருவிடம் சென்று, சல்லேகனை நோற்று உயிர்விட இசைவு கேட்டார். குரு இசையவில்லை. உன்னால் அறத்திற்கு ஆகவேண்டிய பணி இன்னும் உளது. விரதத்தை ஒதுக்கி வைத்து முதலில் நோயைத் தீர்த்துக்கொள். பின்னர் மீண்டும் தீட்சை பெறலாம் என்பது அவர் பணித்ததன் கருத்து. சமந்தபத்திரர் வேடம் மாறிச் சென்று, ஒரு சிவாலயத்தில் நிவேதனமாக வந்த உணவை நாள்தோறும் உண்டார். அவ்வூர் காஞ்சி என்பாரும் காசி என்பாரும் உளர். நோய் தணியத் தணிய உணவு மிஞ்சத் தொடங்கிற்று. மிஞ்சிய உணவே அவரைக் காட்டிக்கொடுத்தது. அதன் பின் நிகழ்ந்த அற்புதம் நீங்கள் அறிந்ததே. இங்கு நமக்கு வேண்டுவது அதன் முடிவு: நோய் நீங்கியவர் மீண்டும் தீட்சை ஏற்றார். இரண்டாம் முறை ஏற்றதனால் அவரை எவரும் சிறியராக எண்ணியதில்லை.

பஸ்மகம் வேறு, உடற்பருமன் வேறு என்பதை மறக்கவில்லை. ஆயினும் பசி என்பது மனவுறுதி ஒன்றினால் மட்டும் ஆளப்படுவதன்று, அது நோயாகவும் அமையும் என்று நம் முன்னோர் கண்டிருந்தனர். இக்கால மருத்துவமும் அதையே வேறு சொற்களில் கூறுகிறது. இரைப்பையின் மேற்பகுதியில் கிரெலின் எனும் பசி ஊக்கி நீர் சுரக்கிறது. எடை குறைந்தவுடன் உடல் அதனைப் பஞ்சம் என்று கருதிப் பசியை மிகுவிக்கிறது. எரிக்கும் ஆற்றலைக் குறைத்து இழந்ததை மீட்க முயல்கிறது. இழந்த எடையில் ஒரு பகுதி பல ஆண்டுகளில் திரும்புதல் இந்நோயின் இயல்பே என மருத்துவர் கூறுவர்.

ஆசிரியப் பயிற்சியில் நமக்குக் கற்பித்த இரு சொற்கள் இவ்விடத்தில் உதவும். ஒன்று குறையறி சோதனை. மற்றொன்று குறைதீர் கற்பித்தல். கணக்கில் தவறிய பிள்ளையிடம் அதே பாடத்தை மீண்டும் உரக்க நடத்துவது குறைதீர் கற்பித்தல் ஆகாது. கடன் வாங்கிக் கழிப்பதில் தவறினானா, வாய்ப்பாட்டில் தவறினானா, வினாவையே புரிந்துகொள்ளவில்லையா என்று முதலில் காணவேண்டும். சிலவேளை பிள்ளைக்குக் கரும்பலகையே தெரியாது. கண்ணாடி வாங்கித் தரவேண்டியிருக்கும்! நம் சமயத்திலும் பிராயச்சித்தத்தின் முதற்படி ஆலோசனை. அதாவது நிகழ்ந்ததை ஒளிக்காது குருவின் முன் எடுத்துரைத்தல். பரிகாரம் அதற்குப் பின்னரே.

நம் தமக்கை மகளுக்கு முதலில் வேண்டியது இதுவே. ஆயின் அவளை முதன்முதலாகப் பார்த்த ஓர் அறுவை மருத்துவர், சோதனை எதுவும் செய்யாமலே நாளும் தொகையும் குறித்துக் கொடுத்துவிட்டார். அங்கிருந்து திரும்பி, வேறொருவரிடம் சென்றோம். அவர் அரை மணி நேரம் கேள்விகளே கேட்டார்.

முன்னர்ச் செய்தது எவ்வகை அறுவை? குழல் இரைப்பை, ஸ்லீவ் என்பார்கள். இரைப்பையின் முக்கால் பங்குக்கும் மேல் நீளவாக்கில் வெட்டி நீக்கி, எஞ்சியதை டைட்டானியக் கொக்கிகளால் தைத்துக் குழல்போல் ஆக்குவது. இதன் வரலாற்றை அம்மருத்துவரே சொன்னார். 2000ஆம் ஆண்டையொட்டி, மிகப் பெரும் பருமனால் நீண்ட அறுவையைத் தாங்கவியலாதவர்க்கு முதற்படியாக மட்டும் இதனைச் செய்தனர். குடலை மாற்றி இணைப்பது இரண்டாம் படி. முதற்படியிலேயே பலருக்கு எடை போதிய அளவு குறைந்ததனால் பிற்காலத்தில் அதுவே தனி அறுவையாயிற்று. ஆகவே இரண்டாம் அறுவை என்பதே நோயாளியின் தோல்விக்குச் சான்று என்னும் எண்ணம் பிழையானது. இத்துறையே தன் பிழைகளைத் திருத்தி வளர்ந்ததுதான். 1950களில் அமெரிக்காவில் சிறுகுடலின் பெரும்பகுதியை ஒதுக்கி இணைத்த அறுவையால் பலருக்குக் கல்லீரல் கெட்டு, மீண்டும் திறந்து பழைய நிலைக்கே இணைக்க நேர்ந்தது. 1966இல் எட்வர்ட் மேசன் என்பார் இரைப்பையைச் சிறிதாக்கிக் குடலோடு இணைக்கும் பைபாஸ் முறையைத் தொடங்கினார். அதன் திருந்திய வடிவமே இன்றும் செய்யப்படுகிறது.

அடுத்து, குழல் விரிந்துவிட்டதா என அறியப் பேரியம் குடிக்கவைத்துப் படம் எடுத்தனர். எண்டோஸ்கோப்பி வழியே உணவுக்குழாயைப் பார்த்தனர். தைராய்டு சோதனை, அவள் உட்கொள்ளும் மாத்திரைகளின் பட்டியல் ஆகியவற்றையும் கேட்டனர். சில மாத்திரைகளே எடையை ஏற்றுவன. இறுதியாக, மூன்று மாதங்கள் உண்பதையும் பருகுவதையும் ஒன்றுவிடாது குறிப்பேட்டில் எழுதி வரச் சொன்னார்.

குறிப்பேடு உண்மையைக் கூறிற்று. சோற்றின் அளவு குழந்தை உண்ணும் அளவே. ஆனால் கடையில் வாடிக்கையாளரோடு அருந்தும் சர்க்கரையிட்ட தேநீர் ஆறு, மாலையில் குளிர்பானம், விழா நாள்களில் பாயசம். திடவுணவு குழலில் தங்கி நிறைவு தரும். இனிப்பு நீரோ தங்காது வழுக்கி இறங்கிவிடும். முதல் அறுவைக்குப் பின் இதனை எடுத்துச் சொல்ல எவரும் இல்லை. இரண்டாம் ஆண்டிலிருந்து அவளும் மருத்துவமனைப் பக்கம் செல்லவில்லை. எழுதியவளே எழுதியதைக் கண்டு அழுதாள். நாம் எதுவும் கூறவில்லை. இம்முறை வாயை மூடிக்கொள்ளக் கற்றிருந்தோம். தேநீரில் சர்க்கரையை விட்டாள். மூன்று மாதத்தில் நான்கு கிலோ குறைந்தது.

ஆனால் எதுக்களிப்புக் குறையவில்லை. குழல் இரைப்பையில் அழுத்தம் மிகுதலால் அமிலம் மேலேறுகிறது; அது நாவின் குற்றமன்று. எண்டோஸ்கோப்பியில் உணவுக்குழாயின் அடிப்பகுதி புண்ணாகியிருந்தது. நெடுங்காலம் விட்டால் சிலருக்கு அவ்விடத்துச் சவ்வின் தன்மையே மாறிப் புற்றுக்கு வழிகோலும். குழலைப் பைபாஸாக மாற்றினால் இது பெரும்பாலும் அடங்கும் என்றார் மருத்துவர். 2025இல் எடைக் குறைப்புக்கென இந்தியாவில் விற்பனைக்கு வந்த வாராந்திர ஊசிகளைப் பற்றியும் கேட்டோம். எடை குறையும், நிறுத்தினால் பெரும்பாலும் திரும்பும், இரைப்பை மெதுவாகக் காலியாவதால் இவளது எதுக்களிப்பு மிகவும் கூடும் என்றார்.

அச்சமூட்டுவனவற்றையும் அவர் மறைக்கவில்லை. முதல் அறுவையைவிட இரண்டாம் அறுவையில் இடர் மிகுதி. பழைய தழும்பினால் உறுப்புகள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும்; தையலில் கசிவு நேரலாம்; குருதி ஒழுகலாம். குறையும் எடையோ முதன்முறையை விடக் குறைவு. 2024 ஏப்ரலில் புதுச்சேரி இளைஞர் ஒருவர் சென்னைப் புறநகரில் எடைக் குறைப்பு அறுவைக்குச் சென்று உயிரிழந்த செய்தியை அவள் கணவர் மறக்கவில்லை. தீவிர சிகிச்சைப் பிரிவு உண்டா, மயக்க மருத்துவர் இரவிலும் இருப்பாரா, இரண்டாம் அறுவைகள் எத்தனை செய்திருக்கிறீர்கள் என்று அவர் கேட்டார். கேட்டதற்காக அம்மருத்துவர் சினக்கவில்லை. சினந்திருந்தால் எழுந்து வந்திருப்போம்.

சமயத்தவராகிய நாம் கேட்கவேண்டியவையும் சில உள. மருந்துக் குளிகைகளின் மேலுறை பெரும்பாலும் ஜெலட்டின். அது மாட்டின் தோல், எலும்பு முதலியவற்றிலிருந்து காய்ச்சப்படுவது. இதைச் சொன்னபோது, சிறு வயதில் மூக்கைப் பொத்தியவள் நம்மைத் திரும்பிப் பார்த்தாள்! தாவர நாரினாலான உறையும் உண்டு, மாத்திரையாகவும் கிடைக்கும். குருதி உறையாதிருக்க இடும் ஹெப்பாரின் பன்றிக்குடலின் சவ்விலிருந்து எடுப்பது. செயற்கையாக ஆக்கிய ஃபோண்டாபாரினக்ஸ் எனும் மருந்தும் உளது. எல்லார்க்கும் அது பொருந்தாது. முன்கூட்டியே கேட்டால் மாற்று வழி இருக்குமாயின் தருவர். இல்லையெனில் ஏற்றுக்கொண்டு, பின்னர் முனிவர் முன் ஆலோசனை செய்து பிராயச்சித்தம் பெறுவதே முறை என்று கருதுகிறோம். இல்லறத்தார் முற்றும் விலக்கவேண்டியது எண்ணிச் செய்யும் கொலை. இது அதனுள் அடங்காது. அறவோர் வேறு கூறின் பணிவோம்.

உணவுப் பட்டியலிலும் முட்டை வெண்கருவும் முளைகட்டிய பயறும் அச்சிட்டிருந்தன. அவற்றை அடித்து, பருப்பு, பால், பன்னீர் என்று எழுதிக்கொண்டோம். நாளொன்றுக்கு 60 கிராமுக்குக் குறையாமல் புரதம் வேண்டும். பி12, இரும்பு, சுண்ணாம்புச் சத்து, டி ஆகியவை வாழ்நாள் முழுதும் வேண்டும். நம் உணவில் பி12 இயல்பாகவே குறைவு. சிறிது சிறிதாக ஐந்து வேளை உண்பது கதிரவன் மறைவதற்குள் இயலுமா என்று அவள் கவலைப்பட்டாள். காலை ஆறரைக்குத் தொடங்கி, இரண்டரை மணிக்கொரு முறையென நாமே கால அட்டவணை போட்டுக் கொடுத்தோம்; முப்பதாண்டுகள் அட்டவணை போட்ட கை அல்லவா! நீரருந்தாப் பட்டினி நோன்பு மட்டும் இனி மருத்துவர் இசைவின்றிக் கூடாது. தொடர் வாந்தியோடு பட்டினியும் சேர்ந்தால் தயமின் குறைந்து நரம்பு கெடும்.

“அப்படியானால் எனக்கு நோன்பே இல்லையா, சின்னம்மா?” என்றாள். புறத்தவம் ஆறனுள் அனசனத்திற்கு அடுத்ததாக வைக்கப்பட்டது அவமோதரியம், வயிறு நிறையாது குறைத்துண்ணல். ஆடவர்க்கு 32 கவளம், மகளிர்க்கு 28 கவளம் நிறையுணவு என்றும், அதில் ஒரு கவளம் குறைத்தாலும் அத்தவம் ஆகும் என்றும் மரபு கூறும். அறுவையால் சுருங்கிய இரைப்பை உண்ண முடியாது நிறுத்துவது தவமன்று. குற்றமுமன்று, ஒரு கைத்தடி அவ்வளவே. ஆயின் இன்னும் ஒரு கவளம் உண்ண இடமிருக்கையில், கடையில் பிறர் நீட்டிய இனிப்புத் தேநீரைச் சிரித்து மறுக்கிறாளே, அது தவம். அதை அவளிடம் சொன்னோம். முன்னர்ச் சொன்ன கொடுஞ்சொல்லுக்காகப் பொறுத்தல் வேண்டியதும் அன்றுதான்.

நீரிழிவையும் எதுக்களிப்பையும் அடக்குவதே நோக்கம், பழைய 78 கிலோவை எதிர்பாரேன் என்று குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்தில் அவளே எழிதிவைத்து, அறுவைக்கு இசைந்தாள். கணவரும் அதன் கீழ்க் கையொப்பமிட்டார். அறுவைக்கு வரும் தை மாதம் குறித்திருக்கிறார்கள். அட்டமி, சதுர்த்தசி பார்க்க வேண்டுமா என்று கேட்டாள். மருத்துவர் ஓய்ந்திருக்கும் நாளைப் பார் என்றோம். மருத்துவமனையில் உடன் தங்கப்போவது நாம். குளிகைகளின் உறையைப் பார்த்து வாங்கக் கண்ணாடியை மாற்றவேண்டும். அதற்காக இவ்வாரம் வேலூர் செல்கிறோம்.

ஜெய ஜினேந்திரா.