சாரதியின் ஓய்வு யாருடைய கடமை?



யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு ஏறத்தாழ 400 கிலோமீற்றர். இரவு முழுவதும் லொறி ஓட்டிவந்து சரக்கை இறக்கிய சாரதி, கண்ணயராமலே திரும்பவும் புறப்படுகிறார். "கூலிக்காக அவரே சம்மதித்தார்" என்று நாம் கைகழுவிவிடலாமா?

சர்வதேசத் தொழில் ஸ்தாபனம் 1979ஆம் ஆண்டில் நிறைவேற்றிய 153ஆம் இலக்கச் சமவாயம் இதற்கு அளவு வகுத்துள்ளது. இடைவேளையின்றி 4 மணித்தியாலத்துக்கு மேல் ஓட்டலாகாது. மேலதிக நேரமும் உட்பட, நாளொன்றுக்கு 9 மணித்தியாலத்தை மிஞ்சலாகாது. 24 மணித்தியாலத்துள் 10 மணித்தியாலமாவது தொடர்ந்து ஓய்வு வேண்டும். சாரதியின் சம்மதம் தூக்கத்தைத் தடுக்காது. அவர் கண்ணயர்ந்தால், சம்மதம் கேட்கப்படாத வழிப்போக்கனும் மடிகிறான்.

உபாகமத்தில் ஓய்வுநாட் கட்டளையை ஊன்றி வாசியுங்கள். வீட்டுத் தலைவன் ஓய்ந்தால் மட்டும் போதாது. அவனுடைய ஊழியனும், எருதும், கழுதையுங்கூட ஓய வேண்டும். ஆகவே, ஓய்வு கொடுப்பது வேலை வாங்குகிறவனின் கடமை.

விடியுமுன் சரக்கு வேண்டுமென நெருக்கும் முதலாளி மட்டுமா வேலை வாங்குகிறார்? கடைக்காரரும், பொருளுக்குக் காத்திருக்கும் நாமுந்தான். மூட்டை ஒரு நாள் பிந்தி வந்தால் முகஞ்சுளியாதிருப்போம். அதுவும் பிறரன்பே.