மடியில் விரியும் முதல் நூல்

சோற்றில் கல் கிடந்தால் குழந்தை துப்பிவிடும். மருந்து கசந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். ஆனால் நாம் படித்துக் காட்டும் கதையில் கொடுமை கலந்திருந்தால், அதனைப் பிரித்தறிந்து ஒதுக்கும் ஆற்றல் மூன்று வயதுக் குழந்தைக்கு இல்லை. கருவில் வளரும் உயிருக்கோ எதனையும் மறுக்கும் வழியே இல்லை. மறுக்க இயலாத ஓர் உயிருக்காகப் பிறர் செய்யும் தேர்வு எதுவாயினும் அது அறத்தின்பாற்பட்டதே. ஆகவே, சிறு குழந்தைகளுக்கும் மகப்பேற்றை எதிர்நோக்கும் பெற்றோர்க்கும் நூல் தேர்ந்தெடுப்பதைக் கடைத்தெருச் செய்தியாக விட்டுவிடாமல், எந்த அளவுகோலால் தேர்வது, எதுவரை தேர்வது என்னும் இரு வினாக்களை ஈண்டு ஆராய்வோம்.

முதலில் கருவுற்ற தாயைக் கருதுவோம். ஏறத்தாழ ஆறாம், ஏழாம் மாதத்திலிருந்து கருவிலுள்ள குழந்தை ஒலியை உணர்கிறது என்பர் மருத்துவ அறிஞர். 1986ஆம் ஆண்டில் டெகாஸ்பர், ஸ்பென்ஸ் என்னும் அமெரிக்க ஆய்வாளர் இருவர் ஒரு சோதனையை வெளியிட்டனர். தாய்மார் சிலர் பேறுகாலத்திற்கு முந்திய ஆறு வாரங்கள் ஒரு குறிப்பிட்ட கதைப் பகுதியை நாள்தோறும் உரக்கப் படித்தனர். பிறந்த பின்னர் அக்குழந்தைகள் புதிய பகுதியைவிட அப்பழகிய பகுதியையே விரும்பிக் கேட்டன. வேறொரு பெண் படித்தபோதும் அவ்விருப்பம் மாறவில்லை.

இச்சோதனை காட்டுவது யாது? ஒலியின் ஓட்டமும் சந்தமும் கருவில் பதிகின்றன என்பதே. கதையின் பொருள் பதிந்தது என்றோ, நற்குணம் ஊட்டப்பெற்றது என்றோ அது கூறவில்லை. இவ்வெல்லையை மறந்து, இன்ன நூலைப் படித்தால் இத்தகைய அறிவுடைய குழந்தை பிறக்கும், இன்ன நிறத்தில் பிறக்கும் என்று உறுதி கூறி விற்கப்படும் நூல்கள் உள்ளன. இவை பொய்யுரைக்கின்றன என்பது ஒரு குற்றம். அதனினும் பெரிய குற்றம், குழந்தை எதிர்பார்த்தவாறு அமையாதபோது பழி முழுவதையும் தாயின் தலையில் சுமத்த இவை வழிசெய்வது. "நீ ஒழுங்காகப் படிக்கவில்லை" என்னும் ஒரு சொல் அவள் உள்ளத்தை எத்துணை வருத்தும்! ஆண் மகவு பெற வழி கூறும் நூலோ இல்லத்திற்குள் நுழையவே தகாதது. கருவின் பாலினம் அறிவதைத் தடுக்க 1994இல் நாட்டில் சட்டமே இயற்ற வேண்டி நேர்ந்தது எத்தகைய கொடுமையினால் என்பதை நாம் அறிவோம்.

நம் ஆன்றோர் இவ்விடத்துத் தெளிவாகவே உரைத்துள்ளனர். ஒவ்வோர் உயிரும் தன் வினையைத் தானே கொண்டு வருகிறது. பெற்றோர் நிமித்தமே யாவர், உபாதானம் ஆகார். மழை விதைக்கு உதவுகிறது. வேம்பின் விதையை மாமரம் ஆக்குவதில்லை. சீவக சிந்தாமணியில் விசயை, கணவனை இழக்கும் நிலையில் மயிற்பொறியேறித் தப்பிச் சுடுகாட்டில் மகவீன்றாள். அவள் அன்று கேட்டவை இன்னிசையும் நற்கதையும் அல்ல, அழுகையும் ஓலமுமே. ஆயினும் அம்மகன் சீவகனே பின்னாளில் துறவு பூண்டு வீடுபேறு அடைந்தான் என்று காப்பியம் முடிகிறது. துயரில் கருச்சுமந்த எந்தத் தாய்க்கும் இதனினும் சிறந்த ஆறுதல் உண்டோ?

அவ்வாறாயின் பேறுகாலத்தில் படிப்பது எதற்கு எனின், முதற்கண் தாயின் மன அமைதிக்காக. சுவேதாம்பர மரபினரின் கல்ப சூத்திரத்தில் ஒரு செய்தி உண்டு. கருவிலிருந்த வர்த்தமானர், தம் அசைவால் அன்னைக்கு நோவு உண்டாகலாகாது என்று அசையாதிருந்தாராம். கரு மாய்ந்ததோ என்று அன்னை கலங்கக் கண்டு மீண்டும் அசைந்தாராம். கருவே தாயின் மனம் கண்டு இரங்கியதாகக் கூறும் மரபில் வந்த நாம், கருவின் பேரால் தாயை அச்சுறுத்தலாமா? ஆதலின் பேறுகாலத்து நூலுக்கு நாம் வைக்கும் அளவுகோல் இரண்டு. அவளுக்கு அச்சம் விளைக்காமல் தெளிவு தருகிறதா? உடல்நலம் பற்றியதாயின், தக்க மருத்துவர் எழுதி இன்றைய அறிவுக்கேற்பத் திருத்தப்பெற்றதா? தந்தைக்கும் இதில் பங்குண்டு. நாள்தோறும் கால் மணி நேரம் அவர் உரக்கப் படித்தால், மனைவிக்கு அது துணை. குழந்தை வந்தபின் தொடர வேண்டிய பழக்கத்திற்கும் அதுவே தொடக்கம்.

இனிக் குழந்தைப் பருவம். கதைகளில் இம்சை வரலாமா என்பதே இங்கு எழும் கடினமான வினா. கொலை, வேட்டை, ஊனுணவு வரும் கதை எதனையும் பிஞ்சு உள்ளத்திற்குக் காட்டலாகாது என்பர் ஒரு சாரார். உலகில் உள்ளதை மறைத்து வளர்த்தால் பிள்ளை அதனை எதிர்கொள்ளும் வலிமையின்றி நிற்கும் என்பர் மறு சாரார். இரண்டிலும் உண்மை உண்டு.

இவ்வழக்கிற்கு யசோதர காவியம் ஒளி தருகிறது. மன்னன் யசோதரன் உயிருள்ள கோழியைக் கொல்லவில்லை. மாவினால் செய்த கோழியையே வெட்டிப் பலியிட்டான். ஆயினும் கொல்லும் எண்ணத்தோடு வாளோங்கியதால், அவனும் அதனைத் தூண்டிய தாயும் விலங்குப் பிறவிகள் பல எடுத்து உழன்றனர். உயிரற்ற உருவின்மேல் செலுத்திய எண்ணமும் வினையாகும் என்பது இக்கதையின் உயிர்நிலை. கதைப் புத்தகத்தின் நரியும் மானும் ஒருவகையில் மாக்கோழிகளே. அவை துன்புறும்போது குழந்தையின் உள்ளத்தில் எழும் எண்ணம் யாது என்பதே நாம் காண வேண்டுவது. இன்னொன்றையும் நோக்குக: அக்காவியம் இம்சையை மறைக்கவில்லை, வெட்டுண்ட துயரையும் விலங்காய் உழன்ற துயரையும் விரித்துரைத்தே அருளை வளர்க்கிறது.

ஆகவே, ஒரு நூலில் இம்சை வருகிறதா என்று மட்டும் கேட்பது போதாது. அந்நூல் குழந்தையை எங்கே நிறுத்துகிறது என்று கேட்க வேண்டும். அடிபட்ட உயிரின் பக்கம் நிறுத்துகிறதா, அடித்தவனோடு சேர்ந்து சிரிக்கும் கூட்டத்தில் நிறுத்துகிறதா? தாய்ப்பறவை இறந்ததைச் சொல்லிக் குழந்தையைக் கலங்கச் செய்யும் கதை நல்ல கதையாகலாம். கொலையே வராமல், கரிய நிறத்தாளையும் கால் ஊனமுற்றவனையும் ஏழையையும் நகைப்புக்கு உரியவராக்கும் கதை நஞ்சாகலாம். பெண்பிள்ளை எப்போதும் அடுக்களையிலேயே நிற்கும் படமும் ஒரு பாடம் கற்பிக்கவே செய்கிறது.

அறநூல்களையே முதலில் கொடுத்துவிட்டால் என்ன என்று கேட்கும் அன்பர் நம்மிடையே பலர். நாலடியாரின் நானூறு பாடல்களும் நம் முன்னோர் விட்டுச்சென்ற பெருஞ்செல்வம், அதில் ஐயமில்லை. ஆயினும் நிலையாமையையும் யாக்கையின் இழிவையும் பேசும் பாடலை மூன்று வயதில் திணித்தால், சொல் நாவில் நிற்கும். பொருள் நெஞ்சில் நில்லாது. அவ்வயதிற்கு வேண்டியவை பெரிய படம், குறைந்த சொல், மீண்டும் மீண்டும் வரும் சந்தம், பேசும் தமிழுக்கு அணித்தான நடை. குழந்தைக் கவிஞர் எனப் போற்றப்பெற்ற அழ. வள்ளியப்பா (1922–1989) தம் பாடல்களால் தலைமுறைகளின் நாவில் நின்றது, குழந்தையின் உயரத்திற்குக் குனிந்து பாடியதனால் அன்றோ? அறம் அவ்விடத்தில் சந்தத்தோடு கலந்தே வருகிறது. முடிவில் ஒட்டிய நீதிவாக்கியமாக வருவதில்லை.

கதையின் இடையே "சிங்கத்திற்குப் பசிக்காதா?" என்று பிள்ளை கேட்டால் அதட்டி அடக்கலாகாது. மானின் பக்கம் நின்ற உள்ளம் சிங்கத்தின் பக்கமும் திரும்பிப் பார்க்கிறது. ஒரு பொருளைப் பல நிலைகளில் நின்று காணும் அநேகாந்த நோக்கின் முளை அதுவே. விடை தருவதினும் அவ்வினாவை வாழவிடும் நூலே உயர்ந்த நூல்.

இங்குத் தேர்வின் எல்லையும் தெளிவாகிறது. தீயதை விலக்குவது நம் கடமை. விரும்ப வேண்டியதைக் கட்டளையிடுவது நம் உரிமையன்று. நாம் ஆய்ந்தெடுத்த ஐந்து நூல்களுள் ஒன்றைக் குழந்தை பற்றிக்கொண்டு, அதனையே நூறு முறை படிக்கச் சொல்லலாம். ஏட்டைக் கிழிக்கவும் செய்யலாம். பொறுத்துக்கொள்ள வேண்டும். நம் நிறைவேறாத ஆசைகளைப் பிள்ளையின்மேல் ஏற்றி நூல் தேடுவது பற்றின் மற்றொரு வடிவம். நூலுக்கு மாற்றாகச் செல்பேசியைக் கையில் கொடுத்து அமைதி காண்பதும் தகாது. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளைத் திரையின் முன் அமர்த்துவது ஏற்றதன்று என உலக சுகாதார நிறுவனம் 2019இல் அறிவுறுத்தியுள்ளது. மடியும் குரலும் தரும் உறவைத் திரை தராது.

நூல் வாங்கும் வசதி எல்லா இல்லங்களுக்கும் இல்லை என்பதையும் எண்ண வேண்டும். ஆகாரம், அவுடதம், சாத்திரம், அபயம் என நால்வகைத் தானங்களை நம் மரபு போற்றுகிறது. பத்தாம் நூற்றாண்டில் கன்னட நாட்டு அத்திமப்பை என்னும் பெருமாட்டி, பொன்னகவியின் சாந்திபுராணத்தை ஆயிரம் படிகள் எழுதுவித்து வழங்கினாள் எனப் போற்றப்பெறுகிறாள். அச்சுப்பொறி இல்லாத காலத்துச் செயல் அது. இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில் 1992இல் முந்நூறு கைக்குழந்தைகளின் குடும்பங்களுக்கு நூல் வழங்கித் தொடங்கிய 'புக்ஸ்டார்ட்' என்னும் பணி, பின்னர் அந்நாடெங்கும் பரவியது. அத்திமப்பையின் வழிவந்தோர் என்று பெருமை கொள்ளும் நமக்கு இஃது இயலாததா?

ஒவ்வொரு சினாலயத்தின் ஒரு மூலையிலும் குழந்தை நூல் அடுக்கு ஒன்று அமையட்டும். தாய்மார் காத்திருக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்திற்கும் ஊர் அங்கன்வாடிக்கும், சமயம் பாராது, ஆண்டுதோறும் பத்து நல்ல நூல்களேனும் நம்மால் செல்லட்டும். வழங்குமுன் ஒருமுறை நாமே உரக்கப் படித்துப் பார்ப்போமாக. படிக்கும்போது நம் குரல் எங்கே கூசுகிறதோ, அந்நூலை அங்கேயே மூடிவிடுவது நன்று.