ஆகஸ்ட் முதல் தேதிக் கணக்கு

ஆவடியைத் தாண்டி வெள்ளானூர்ப் பக்கம் மனை விற்கிறவர்கள் தூரத்தைத்தான் முதலில் சொல்கிறார்கள். ரயில் நிலையம் எவ்வளவு தொலைவு, வண்டலூர்–மீஞ்சூர் வெளிவட்டச் சாலைக்கு எவ்வளவு நேரம், பக்கத்தில் எந்தெந்தப் பொறியியல் கல்லூரிகள் என்று வரிசையாக வரும். பள்ளி என்று கேட்டால் மெட்ரிக்குலேஷன், சி.பி.எஸ்.இ. பள்ளிகளின் பெயர்கள் வரும். வில்லிவாக்கம் ஊராட்சி ஒன்றியத்துத் தொடக்கப் பள்ளிகளையும் நடுநிலைப் பள்ளிகளையும் யாரும் குறிப்பிடுவதில்லை. ஆனால் அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை பார்த்துக்கொண்டு, நகரத்து வாடகை கட்டுப்படியாகாமல் இங்கே குடிவரும் ஒரு குடும்பத்துக்கு அந்தப் பள்ளிகளைப் பற்றித்தான் முதலில் தெரிய வேண்டும். ஆவடியில் கேந்திரிய வித்யாலயாக்கள் உண்டு. அங்கே மாற்றலுக்கு உட்பட்ட மத்திய அரசு ஊழியர்களின் பிள்ளைகளுக்கே முன்னுரிமை. மற்றவர்களுக்கு இருப்பது ஒன்றியப் பள்ளியும் அரசுப் பள்ளியும், இல்லையென்றால் கட்டணமும்.

புதிதாக வந்தவர்கள் மளிகைக் கடையிலோ வீட்டு உரிமையாளரிடமோ விசாரிக்கிறார்கள். “இங்க கவர்மென்ட் ஸ்கூல் எப்படிங்க?” பதில் சொல்கிறவர் பெரும்பாலும் தம் பிள்ளையை அங்கே சேர்க்காதவர். “வேணாங்க, கொஞ்சம் முன்னப் பின்ன ஆனாலும் பிரைவேட்லயே போட்டுடுங்க” என்பார். அவர் பொய் சொல்லவில்லை. தாம் எடுத்த முடிவுக்கு நியாயம் சொல்கிறார். பள்ளிக்குள் இன்று என்ன நடக்கிறது என்பதற்கு அது சாட்சியம் ஆகாது. அந்தப் பள்ளியில் பிள்ளை படிக்கும் தாயிடம் கேட்டால் வேறு பதில் கிடைக்கலாம், அதைவிடக் கடுமையான பதிலும் கிடைக்கலாம். ஆனால் அது பார்த்தவரின் பதிலாக இருக்கும்.

அடுத்து எல்லோரும் நம்புவது தேர்ச்சி விழுக்காட்டை. 2025ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் பத்தாம் வகுப்பில் 93.80 விழுக்காட்டினரும், பிளஸ் டூவில் 95.03 விழுக்காட்டினரும் தேறினார்கள். மாநிலமே இந்த உயரத்தில் நிற்கும்போது, ஒரு பள்ளி 91, இன்னொன்று 98 என்பதை வைத்து அங்கே நடக்கும் கற்பித்தலை அளக்க முடியாது. அந்த எண்ணுக்குப் பின்னால் இருக்கும் இன்னொரு எண்ணைத்தான் கேட்க வேண்டும்: ஒன்பதாம் வகுப்பில் எத்தனை பேர் இருந்தார்கள், பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதியவர்கள் எத்தனை பேர்? ‘சென்டம் ரிசல்ட்’ காட்ட வேண்டும் என்பதற்காகச் சுமாராகப் படிக்கும் பிள்ளையின் பெற்றோரை ஒன்பதாம் வகுப்பிலேயே அழைத்து, டி.சி. வாங்கிக்கொள்ளச் சொல்லும் வழக்கம் தனியார் பள்ளிகள் சிலவற்றில் உண்டு என்பதை இந்தப் புறநகரில் குடியிருக்கும் பலரும் அறிவார்கள். அந்தப் பிள்ளை போய்ச் சேரும் இடம் அரசுப் பள்ளி. வெளியேற்றிய பள்ளியின் விழுக்காடு ஏறுகிறது, சேர்த்துக்கொண்ட பள்ளியின் விழுக்காடு இறங்குகிறது. அதன் பிறகு நாம் இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்து, ஏறியதை நல்ல பள்ளி என்கிறோம்.

மாநில அளவில் முதலிடம் பிடித்தவர்களை அறிவிக்கும் வழக்கத்தைத் தமிழ்நாடு 2017இல் கைவிட்டது. இங்கிலாந்தில் பள்ளி ஆய்வு அமைப்பான ஆஃப்ஸ்டெட், ஒரு முழுப் பள்ளியையும் ஒற்றைச் சொல்லில் தரம்பிரிக்கும் முறையை 2024 செப்டம்பரில் அரசுப் பள்ளிகளுக்கு நிறுத்திக்கொண்டது. அரசுகளே தயங்கி ஒதுக்கிய அளவுகோலை நம் வீதிகளின் ஃபிளெக்ஸ் பேனர்கள் விடாமல் வைத்திருக்கின்றன.

பள்ளி முடிவுகளில் பெரும்பங்கு வீட்டிலிருந்து வருகிறது என்பதை 1966இல் அமெரிக்காவில் ஜேம்ஸ் கோல்மன் தலைமையிலான ஆய்வு காட்டியது. நமக்கு இன்னும் நெருக்கமான சான்று ஆந்திரத்தில் இருக்கிறது. கார்த்திக் முரளிதரனும் வெங்கடேஷ் சுந்தரராமனும் 180 கிராமங்களில் நடத்திய ஆய்வு அது, 2015இல் வெளியானது. அரசுப் பள்ளிப் பிள்ளைகளில் சிலரைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்து, கட்டணம் தந்து தனியார் பள்ளிக்கு அனுப்பினார்கள். நான்கு ஆண்டுகளுக்குப் பிறகு தெலுங்கிலும் கணக்கிலும் இரு தரப்புக்கும் வேறுபாடு இல்லை. தனியார் பள்ளிகள் கூடுதல் நேரம் ஒதுக்கிய இந்தியில் மட்டும் அந்தப் பிள்ளைகள் தெளிவாக முன்னே இருந்தார்கள். இதை அரசுப் பள்ளிக்கு ஒரு பாராட்டுப் பத்திரமாகப் படிக்க முடியாது. தனியார் பள்ளிகள் ஒரு பிள்ளைக்குச் செலவிட்டது அரசு செலவிட்டதில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு என்று அதே ஆய்வு சொல்கிறது. கேட்டின் உயரத்தையும் சீருடையின் மடிப்பையும் பார்த்து நாம் ஊகிக்கும் வேறுபாடு, பிள்ளையின் படிப்பில் அதே அளவுக்கு இருக்காது என்பதே இதிலிருந்து கிடைக்கும் பாடம். 2011 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பின் சமச்சீர் கல்வி நடைமுறைக்கு வந்ததிலிருந்து, மெட்ரிக்குலேஷன் பள்ளியிலும் ஒன்றியப் பள்ளியிலும் பாடத்திட்டம் ஒன்றுதான். 2012–13 முதல் அரசுப் பள்ளிகளிலும் ஆங்கிலவழிப் பிரிவுகள் தொடங்கப்பட்டன.

பிறகு எதைப் பார்ப்பது? முதலில் ஆசிரியர் கணக்கை. ஒவ்வொரு பள்ளிக்கும் 11 இலக்க யுடைஸ் எண் உண்டு. அதை வைத்துப் பிள்ளைகள், ஆசிரியர்கள், வகுப்பறைகள், கழிப்பறைகள் எத்தனை என்பதை யாரும் இணையத்தில் பார்க்கலாம். ஆனால் விகிதத்தைப் பார்த்து ஏமாறக் கூடாது. 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கும் கல்வி உரிமைச் சட்டப்படி, தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர்கள் போதும். 40 பிள்ளைகளுக்கு இரண்டு ஆசிரியர்கள் என்றால் விகிதம் இருபதுக்கு ஒருவர். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் வகுப்புகள் ஐந்து. ஒரே ஆசிரியர் ஒரே அறையில் மூன்று வகுப்புகளை வைத்துக்கொண்டு, ஒரு வகுப்புக்கு எழுத்து வேலை கொடுத்துவிட்டு அடுத்த வகுப்புக்குப் பாடம் சொல்ல வேண்டும். அவர்களில் ஒருவர் பயிற்சிக்கோ கூட்டத்துக்கோ போய்விட்டால் ஐந்து வகுப்பும் ஒருவர் தலையில். அதனால் கேட்க வேண்டிய கேள்வி “ஓர் ஆசிரியருக்கு எத்தனை பிள்ளைகள்?” என்பதைவிட “ஓர் ஆசிரியருக்கு எத்தனை வகுப்புகள்?” என்பதுதான்.

இரண்டாவது, வாசிப்பு. பிரதம் அமைப்பு 2005இல் தொடங்கிய அசர் கணக்கெடுப்பு கையாளும் முறை எளிமையானது. இரண்டாம் வகுப்புத் தரத்தில் ஒரு சிறு பத்தியை நீட்டிப் படிக்கச் சொல்வார்கள். கடன் வாங்கிக் கழிக்கும் ஈரிலக்கக் கணக்கு ஒன்றைப் போடச் சொல்வார்கள். பக்கத்துத் தெருவில் விளையாடும் நான்காம் வகுப்புப் பிள்ளைகள் நாலைந்து பேர் சரளமாகப் படித்தால், அந்தப் பள்ளியில் வேலை நடக்கிறது என்று நம்பலாம். முதல் பெஞ்சில் இருப்பவர் படிப்பது பெரிதில்லை. கடைசி பெஞ்சில் இருப்பவர் எங்கே நிற்கிறார் என்பதில்தான் பள்ளியின் தரம் இருக்கிறது, ஏனெனில் முதல் பெஞ்சுக்கு வீடு உதவிவிடும். கடைசி பெஞ்சுக்குப் பள்ளியைத் தவிர வேறு நாதி இல்லை. 2022 ஜூனில் எண்ணும் எழுத்தும் திட்டம் இதே திருவள்ளூர் மாவட்டத்தின் அழிஞ்சிவாக்கத்தில் ஊராட்சி ஒன்றியப் பள்ளியில்தான் தொடங்கிவைக்கப்பட்டது. மூன்றாம் வகுப்பை முடிக்குமுன் எல்லாப் பிள்ளைகளும் எழுதவும் படிக்கவும் கணக்குப் போடவும் தெரிந்திருக்க வேண்டும் என்பது அதன் வாக்குறுதி. வாக்குறுதி நிறைவேறியதா என்பதை அந்தந்தப் பள்ளியில் போய்ப் பார்க்கும் உரிமை நமக்கு இருக்கிறது.

மூன்றாவது, நோட்டுப் புத்தகம். ஆசிரியர் போட்ட சிவப்பு மையில் வெறும் ‘டிக்’ மட்டும் இருக்கிறதா, பிழை திருத்தப்பட்டு, பிள்ளை அதைத் திரும்ப எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். காலை உணவு நேரத்தில் எத்தனை பிள்ளைகள் வந்துவிடுகிறார்கள், மதியத்துக்கு மேல் கழிப்பறையில் தண்ணீர் வருகிறதா என்பவையும் ஆவணங்களில் தெரியாது. வேலைநாள் ஒன்றில் பதினோரு மணிக்கு நேரில் போனால் தெரியும்.

ஆறாம் வகுப்புக்குப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வருகிறவர்கள் இன்னொன்றையும் கணக்கில் எடுக்க வேண்டும். 2020இல் மருத்துவப் படிப்புக்கும் 2021இல் பொறியியல் உள்ளிட்ட தொழிற்படிப்புகளுக்கும் வந்த 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு, பொதுவாக ஆறு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கானது. கல்லூரி செல்லும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டமும் ஆறாம் வகுப்பிலிருந்தே கணக்கிடுகிறது. இடையில் ஓராண்டு மாறினாலும் உரிமை போய்விடக்கூடும்.

இவ்வளவும் பார்த்த பிறகு, பள்ளி சுமார் என்று தெரிந்தால்? இங்கேதான் நாம் நின்று யோசிக்க வேண்டும். தமிழ்நாட்டில் ஆசிரியர் பணியிட நிர்ணயம் ஆகஸ்ட் முதல் தேதி வருகைப் பதிவேட்டில் உள்ள மாணவர் எண்ணிக்கையை வைத்து நடக்கிறது. சட்டத்தின் அட்டவணைப்படி 61 பிள்ளைகள் இருந்தால் மூன்று ஆசிரியர்கள், 60 என்றால் இரண்டு பேர். மூன்றாவது ஆசிரியர் ‘உபரி’ ஆகிறார். பணி நிரவலில் வேறு பள்ளிக்குப் போகிறார். மறு ஆண்டு அந்தப் பள்ளியில் ஐந்து வகுப்புக்கு இருவர். அதைப் பார்த்து இன்னும் நாலு வீட்டார் பிள்ளைகளை எடுத்துக்கொள்கிறார்கள். தரம் குறைந்ததால் பிள்ளைகள் போனார்களா, பிள்ளைகள் போனதால் தரம் குறைந்ததா என்று பிரித்துச் சொல்ல முடியாத நிலைக்குப் பள்ளி வந்து சேர்கிறது. ஆகவே வெள்ளானூரில் குடியேறும் குடும்பம் வெளியே நின்று ஒரு பள்ளியை மதிப்பிடுவதாக நினைக்கும் கணத்திலேயே, தன் முடிவால் அந்த மதிப்பெண்ணை மாற்றிக்கொண்டும் இருக்கிறது. முதலில் போகிறவர்கள் வசதியும் விவரமும் உள்ளவர்கள். “சார், மூணாம் கிளாஸுக்கு டீச்சர் ஏன் வரல?” என்று கேட்கக் கூடியவர்கள் அவர்களே. பிள்ளைகளோடு சேர்ந்து அந்தக் கேள்வியும் பள்ளியை விட்டுப் போகிறது.

யாரும் தம் பிள்ளையைப் பலி கொடுத்து ஊர்ப் பள்ளியைக் காப்பாற்ற வேண்டும் என்று நான் கேட்க மாட்டேன். பிள்ளையின் குழந்தைப் பருவம் ஒரு முறைதான் வரும். பெற்றோரின் முதல் கடமை அதற்குத்தான். ஆனால் இடம்பெயர்ந்து வருகிற எல்லோருக்கும் இந்தத் தேர்வு இல்லை. இதே திருவள்ளூர் மாவட்டத்தின் செங்கல் சூளைகளுக்கு ஒடிசாவிலிருந்து குடும்பம் குடும்பமாக வருகிறார்கள். பள்ளிகளை ஒப்பிட்டுப் பார்க்க அவர்களுக்கு நேரமும் இல்லை, மொழியும் இல்லை. டி.சி. இல்லை, வயதுச் சான்று இல்லை என்று அவர்களின் பிள்ளைகளைத் திருப்பி அனுப்பக் கூடாது என்று சட்டம் சொல்கிறது. அவர்களை ஏற்றுக்கொள்ளும் கதவு ஒன்றியப் பள்ளியின் கதவு. நாம் விட்டுச்செல்லும் பள்ளியில்தான் அவர்கள் படிப்பார்கள்.

அதனால் இரண்டு விதக் குடும்பங்களுக்கும் வேலை இருக்கிறது. நேரில் பார்த்து, பள்ளி பரவாயில்லை என்று தோன்றினால் ஜூனிலேயே சேர்த்துவிடுங்கள்; ஆகஸ்ட் முதல் தேதிக் கணக்கில் உங்கள் பிள்ளையின் பெயர் இருக்கட்டும். பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர் இருக்க வேண்டும், பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்பது சட்டம். அந்த இடங்களைக் கையெழுத்துப் போடுவதற்கு மட்டும் விட்டுவிடாதீர்கள். தனியார் பள்ளிக்குத்தான் அனுப்புவது என்று முடிவெடுத்தவர்கள், எதைப் பார்த்து அப்படி முடிவெடுத்தார்கள் என்பதைத் தலைமையாசிரியரிடமும் ஆகஸ்ட் 15 கிராம சபையிலும் சொல்லுங்கள். எத்தனை வகுப்புக்கு எத்தனை ஆசிரியர் என்று தீர்மானமாக எழுதிக் கேளுங்கள். கட்டணம் கட்டியதால் ஊர்ப் பள்ளியின் மீது நமக்குள்ள உரிமை முடிந்துவிடுவதில்லை, பொறுப்பும் முடிந்துவிடுவதில்லை. அந்தப் பள்ளி நம் வரிப்பணத்தில் நடக்கிறது. அங்கே படிக்கும் பிள்ளைகள் நம் பிள்ளைகளோடு இதே ஊரில் வளரப்போகிறவர்கள்.