ஆச்சியிடம் யார் கேட்பது?

தூத்துக்குடி உப்பளத்தில் காலமெல்லாம் உப்பு வாரிய ஒரு பெண், உடம்பு தளர்ந்து வீட்டோடு இருக்க நேர்ந்தபின் எதற்கெடுத்தாலும் எரிந்து விழுகிறாள். அல்லது பேச்சே அற்று மூலையில் முடங்குகிறாள். "வயசாயிட்டு, அப்படித்தான் இருக்கும்" என்கிறார்கள் சிலர். "ஆச்சிக்குக் கிறுக்கு புடிச்சிட்டு" என்கிறார்கள் வேறு சிலர். இரண்டில் எதைச் சொன்னாலும் அவளிடம் யாரும் எதையும் கேட்பதில்லை.

வயது மட்டும் ஒருவரின் குணத்தைப் புரட்டிப்போடுவதில்லை. திடீர் மாற்றத்துக்குப் பின்னால் மனச்சோர்வு, மறதி நோயின் தொடக்கம், தைராய்டு குறைபாடு, வைட்டமின் பி12 பற்றாக்குறை என்று ஏதாவது இருக்கலாம். சிறுநீர்த் தொற்றுகூட முதியவர்களைச் சில நாட்களிலேயே பிதற்ற வைத்துவிடும். இவற்றில் பல, சிகிச்சையால் தீரக்கூடியவை. தீரக்கூடிய துன்பத்தை வயதின் கணக்கில் எழுதிவிட்டுச் சும்மா இருப்பது அறமாகாது.

ஆனால் கோபமெல்லாம் நோயுமல்ல. மழைக்காலம் வந்தால் உப்பளத்தில் கூலி கிடையாது. கடலுக்குப் போனவர் திரும்பாத வீடுகள் இந்தக் கரையில் உண்டு. வீட்டை மகன் பெயருக்கு எழுதிக்கொடுத்தபின் சொல்லுக்கு மதிப்பிழந்த தாய்மாரும் உண்டு. காரணத்தோடு கோபப்படுபவளை மாத்திரை கொடுத்து உறங்க வைப்பது வைத்தியமில்லை.

மருத்துவரிடம் வர மறுப்பவளுக்குச் சோற்றில் மருந்தைக் கலந்து கொடுத்தால் என்ன? பிள்ளைகள் பாசத்தோடுதான் இதைக் கேட்கிறார்கள். ஆனால் பாசம் மட்டும் போதாது. இதே மன்னார் வளைகுடாக் கரையில், ஏர்வாடியில், 2001 ஆகஸ்ட் 6 அன்று மனநலக் காப்பகம் ஒன்று தீப்பிடித்தபோது, சங்கிலியால் கட்டப்பட்டிருந்த நோயாளிகள் தப்ப முடியாமல் 28 பேர் மாண்டார்கள். குணமாகும் என்று நம்பி உறவினர்கள் கொண்டுவந்து விட்டவர்களும் அங்கே இருந்தார்கள். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியைத் தடை செய்கிறது. சிகிச்சை பற்றி ஒருவர் எடுக்கும் முடிவு பிறருக்குத் தவறாகத் தெரிகிறது என்பதாலேயே அவருக்கு முடிவெடுக்கும் திறன் இல்லை என்று கொள்ளக்கூடாது என்றும் சொல்கிறது. திறன் உண்மையிலேயே குன்றியிருக்கிறதா என்பதை மருத்துவர் மதிப்பிட வேண்டும். அடுக்களையில் ரகசியமாகத் தீர்மானிக்கக்கூடாது.

ஆகவே முதலில் அவளிடம் பேச வேண்டும். பிறகு அவள் அறிய, அரசு மருத்துவமனையில் காட்ட வேண்டும். 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணிலும் ஆலோசனை கேட்கலாம். மறதி முற்றி, மருந்தைப் பற்றி முடிவெடுக்க இயலாமல் போன ஆச்சிகூட, தன்னைக் குளிப்பாட்ட யார் வர வேண்டும் என்று சொல்லக்கூடும். அதையாவது அவளிடம் கேட்டுச் செய்யும் கடமையிலிருந்து எந்த வீட்டாருக்கும் விலக்கு இல்லை.