பெரும்பான்மை அர்த்தம்

சொல்லைக் கொண்டு தேடுவதா, அர்த்தத்தைக் கொண்டு தேடுவதா என்பது கணிப்பொறிக்காரர்களின் தொழில்நுட்பப் பிரச்னையாகவே பேசப்படுகிறது. எழுதுகிறவனுக்கு இது ஒழுக்கப் பிரச்னை என்று எனக்குப் படுகிறது. நான் சொன்ன சொல்லின் அர்த்தத்தை முடிவு செய்வது யார்?

அர்த்தத் தேடலின் பக்கமுள்ள நியாயத்தை முதலில் சொல்லிவிட வேண்டும். எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுத் தேடும் எந்திரம், சரியான சொல் தெரிந்தவனுக்கு மட்டுமே பயன்பட்டது. 'முத்துக்குளிப்பு' என்று கேட்டவனுக்குச் 'சலாபம்' என்று எழுதிய பக்கம் கிடைக்காது. வங்கியில் படிவம் 'வைப்புத்தொகை' என்கிறது. வருகிறவர் 'போட்டு வைத்த பணம்' என்கிறார். இரண்டும் ஒன்றுதான் என்று அறியாத குமாஸ்தா அவரைத் திருப்பியனுப்பிவிடுவான். ஆபீஸ் பாஷை தெரியாதவனையும் உள்ளே விடுகிறது என்ற அளவில் அர்த்தத் தேடல் ஜனநாயகமான காரியம்.

ஆனால் எந்திரம் அர்த்தத்தை எங்கிருந்து பெறுகிறது? ஒரு சொல் எந்தச் சொற்களோடு புழங்குகிறது என்பதை எண்ணற்ற வாக்கியங்களில் கவனித்து, அச்சொல்லைச் சில நூறு எண்களின் வரிசையாக மாற்றுகிறது. ஒரேமாதிரிச் சகவாசமுள்ள சொற்கள் அருகருகே வந்துவிடுகின்றன. 2013இல் வந்த 'வேர்ட்-டு-வெக்' முறையில் ஒரு சொல்லுக்கு ஒரே இடம்தான். 2018இல் வந்து, 2019இல் கூகுள் தேடலுக்குள் நுழைந்த 'பெர்ட்', வாக்கியத்தைப் பொறுத்து இடத்தை மாற்றுகிறது. இது நிஜமான முன்னேற்றம். எனினும் அஸ்திவாரம் மாறவில்லை. எழுதப்பட்டது எதுவோ அது மட்டுமே சாட்சி.

எங்கள் கடற்கரைச் சொல் ஒன்றை எடுத்துக்கொள்வோம். முத்துச்சிப்பி ஒட்டி வளரும் கடலடிப் பாறைத் திட்டுக்குப் 'பார்' என்று பெயர். தூத்துக்குடிக் கடலில் தோலாயிரம் பார் பேர்போனது. மன்னார்ப் பக்கம் பெரிய பார் என்று ஒன்று உண்டு. கரைக்கு வந்துவிட்டால் பார் என்பது கண்ணின் வேலை, புலவனுக்கு உலகம், இன்றைய தெருவில் டாஸ்மாக்கை ஒட்டிய மதுக்கூடம். தூத்துக்குடியில் முத்துக்குளிப்பு கடைசியாக நடந்தது 1961இல். குளித்தவர்களின் பாஷை பெரும்பாலும் பேச்சோடு போயிற்று. எழுதி வைத்த அதிகாரிகளும் விஞ்ஞானிகளும் பெரும்பாலும் ஆங்கிலத்தில் எழுதினார்கள். ஆகவே தமிழ் வாக்கியங்களிலிருந்து கற்கும் எந்திரத்திடம் கடலடிப் பாருக்குச் சாட்சி போதாது. எந்திரம் பொய் சொல்வதில்லை. எண்ணிக்கையில் தோற்ற அர்த்தத்தைப் பட்டியலின் அடியில் வைக்கிறது. அடிவரை போய்ப் பார்க்கிறவர்கள் எத்தனை பேர்?

மனிதர்களின் பெயருக்கும் இதே கதிதான். 1872இல் ஓட்டப்பிடாரத்தில் பிறந்த வ.உ.சி.யைத் தேடினால் எனக்கு முதலில் வருபவை 1906இல் அவர் தொடங்கிய கப்பல் கம்பெனியும் அவர் பெயர் தாங்கிய துறைமுகமும். தொல்காப்பியத்தின் இளம்பூரணர் உரையையும் அறத்துப்பாலின் மணக்குடவர் உரையையும் பதிப்பித்த வ.உ.சி.க்கு வெகுதூரம் போகவேண்டியிருக்கிறது. தேசத்துக்குத் தேவைப்பட்ட வ.உ.சி. முன்னால் நிற்கிறார். பதிப்பாசிரியரைத் தேடுகிறவன் சிறுபான்மை.

நிகண்டுக்காரனுக்கு இந்தச் சிக்கல் புதிதல்ல. திவாகரத்தின் 12 தொகுதிகளில் முதல் பத்தும் ஒரு பொருளுக்குரிய பல பெயர்களைச் சேர்க்கின்றன. 11ஆவது தொகுதி ஒரு சொல்லுக்குரிய பல பொருள்களைச் சேர்க்கிறது. நிகண்டைப் புனிதமாக்கத் தேவையில்லை. அதுவும் பெரிதும் புலவர் வழக்கின் சேகரம்தான். ஆனால் அது அர்த்தங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு ஒதுங்கிக்கொண்டது. தேர்ந்தெடுக்கும் பொறுப்பு வாசகனுடையது. தேடுபொறி தேர்ந்தெடுத்துக் கொடுக்கிறது, தேர்ந்தெடுத்ததாகச் சொல்லாமலேயே.

புரிந்துகொள்வதும் ஊகிப்பதும் ஒன்றல்ல. புரிந்துகொள்ள விரும்புகிறவன் சந்தேகம் வந்தால் 'எதைச் சொல்கிறீர்கள்?' என்று கேட்பான். பெரும்பாலோர் எதைச் சொல்வார்களோ அதையே நீயும் சொல்கிறாய் என்று வைத்துக்கொள்வது, எவ்வளவு உபகாரமாக இருந்தாலும், எதிரில் நிற்கும் மனிதனைச் சராசரியாக்குவது. கவிதையின் வேலையோ பல சமயம் தோற்றுப்போன அர்த்தத்தில் சொல்லைப் பிரயோகிப்பதுதான்.

இதற்காக எந்திரத்தைச் சபிப்பதில் பிரயோஜனமில்லை. கடற்கரையில் பார் என்ற சொல்லை இன்னும் அந்த அர்த்தத்தில் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் கேட்டுத் தமிழில் எழுதி வைப்பது நம் போன்றவர்களால் முடிகிற காரியம். எழுதினால் எந்திரம் அதையும் எண்ணக்கூடும். எண்ணாவிட்டாலும், அந்தச் சொல்லைத் தேடி வருகிற ஒருவனுக்கு அது தமிழில் இருக்கும்.