இயலாதென்னும் தீர்ப்பு

ஒரு கொள்கை தீயது என்று கூறுவது ஒன்று. நல்லதாயினும் நடவாது என்று கூறுவது வேறொன்று. முன்னையது அறம் பற்றியது; பின்னையது எதிர்காலம் பற்றியது. அரசியலில் இவ்விரண்டும் ஒன்றோடொன்று மயங்குவதுண்டு. ஐக்கிய அமெரிக்காவில் கட்சிகள் தத்தம் சனாதிபதி வேட்பாளரைத் தெரிவதற்கு நடத்தும் முதனிலைத் தேர்தல்கள் இம்மயக்கத்தை ஆராய்வதற்கு ஏற்ற களமாகும். அங்குப் போட்டியிடுவோர் ஒரே கட்சியினர். ஆதலின், கட்சித் தலைமையை எதிர்த்தெழும் வேட்பாளரைத் தீயவர் எனல் அரிது. நடைமுறை அறியாதவர் எனல் எளிது.

இவ்வாதம் பயன் தருமா? வரலாறு ஒருமுகமாக விடை பகரவில்லை. 1968 ஆம் ஆண்டு, வியற்நாம் போரை எதிர்த்துச் சனாதிபதி லிண்டன் ஜோன்சனுக்கு எதிராக நின்ற இயூஜின் மக்கார்த்தி வெல்வார் என்று எண்ணியோர் சிலரே. நியூ ஹாம்ஷயரில் அவர் ஏறத்தாழ 42 வீத வாக்குகளைப் பெற்றார். அம்மாத இறுதியிலேயே ஜோன்சன் போட்டியினின்றும் விலகினார். எனினும் மக்கார்த்தி கட்சியின் வேட்பாளராகவில்லை. போரும் அவ்வாண்டு முடியவில்லை. 1980 இல் ஜோர்ஜ் புஷ், றொனால்ட் றேகனின் வரிக்குறைப்புத் திட்டத்தை மாந்திரீகத்துக்கு ஒப்பிட்டு எள்ளினார். வென்றவர் றேகன், எள்ளியவர் அவருக்குத் துணையாக உப சனாதிபதி வேட்பாளரானார்.

2016 ஆம் ஆண்டுப் போட்டி இவ்வினாவை மேலும் கூர்மையாக்கியது. அனைவர்க்கும் அரசே மருத்துவக் காப்புறுதி வழங்கவேண்டும் என்றார் பேர்ணி சாண்டர்ஸ். அது ஒருபோதும் நிறைவேறாது என்றும், நோயுற்றோர் அதற்காகக் காத்திருக்க இயலாது என்றும் ஹிலறி கிளின்ரன் அயோவாவிற் கூறினார். அங்கு அவர் மயிரிழையில் முந்தினார், அடுத்து நிகழ்ந்த நியூ ஹாம்ஷயர் தேர்தலில் 22 வீத வாக்குகளாற் பின்தங்கினார், ஈற்றில் வேட்பாளரானார். இவ்வெற்றி அவ்வாதத்தால் விளைந்தது என நிறுவுதல் அரிது.

காரணம் யாது? முதனிலைத் தேர்தலில் வாக்களிப்போர் அனைவரும் ஒரே வினாவுக்கு விடை கூறுவதில்லை. ஆட்சியை நடத்த வல்லவர் யார் எனச் சிலர் வினவுகின்றனர். அவர்களிடம் இவ்வாதம் செல்லும். நாடு எத்திசை நோக்கிச் செல்லவேண்டும் எனச் சிலர் வினவுகின்றனர். அவர்தம் செவியில் 'இயலாது' என்னும் சொல் 'எமக்கு விருப்பமில்லை' என்றே ஒலிக்கும்.

இனி அறத்தின் பக்கம் நோக்குவோம். மழை வராது என்று நாம் கூறுவதால் மழை நின்றுவிடுவதில்லை. ஆனால், 'இவர் வெல்லார்' எனப் பலர் நம்பின், அந்நம்பிக்கையே அவரைத் தோற்கடிக்கக்கூடும். 2013 இல் சாண்டர்ஸ் இத்தகைய மசோதாவைக் கொணர்ந்தபோது செனற் சபையில் இணை அனுசரணையாளர் ஒருவரேனும் இலர். 2017 இல் 16 பேர் முன்வந்தனர். நடவாதது எனப்படுவதன் எல்லை, மக்கள் எண்ணம் மாறுந்தோறும் நகர்வதை இது காட்டும்.

ஆயினும் எல்லாத் தடைகளும் எண்ணத்தால் எழுந்தவையல்ல. நூறு பேர் கொண்ட அச்சபையில் இத்தகைய சட்டமொன்றின் மீதான விவாதத்தை முடிவுறுத்த 60 வாக்குகள் வேண்டும். 2016 இல் சனநாயகக் கட்சியின் அணியில் இருந்தோர் 46 பேரே. அக்கணக்கை விளக்காமல் வாக்குறுதி அளிப்பதும் குற்றமே. அம்மசோதா இன்றுவரை சட்டமாகவில்லை. அன்று காப்புறுதியின்றி இருந்தோர் ஏறத்தாழ 2 கோடி 80 இலட்சம் பேர். வீண் நம்பிக்கையின் விலையையும், வீண் அவநம்பிக்கையின் விலையையும் செலுத்துவோர் அவர்களே. மேடையில் நின்று வாதிப்போரல்லர்.

மக்ஸ் வெபர் 1919 இல், கொள்கைப் பற்றின் அறத்தையும் விளைவுக்குப் பொறுப்பேற்கும் அறத்தையும் வேறுபடுத்தினார்; உண்மையான அரசியல்வாதியிடம் இரண்டும் இணையவேண்டும் என்றார். அவ்வழி நோக்கின், 'இயலாது' என்போர்க்குக் கடமைகள் மூன்றுள. குறிக்கோள் நல்லதா அன்றா என முதலில் வெளிப்படையாகக் கூறவேண்டும். தடை யாது எனக் காட்டவேண்டும். தாம் செல்லும் மாற்றுவழியை உரைக்கவேண்டும். எதிர்த்தெழுந்தவர்க்கும் ஒரு கடமையுண்டு: தடையைக் கடக்கும் வழியைக் கூறல்.

இக்கடமைகளை ஆற்றிய பின்னர் கூறப்படும் 'இயலாது' ஓர் எச்சரிக்கை. மக்கள் அதற்குச் செவிசாய்த்தல் தகும். ஆற்றாது கூறப்படுவதோ, நல்லதா என்னும் வினாவிலிருந்து தப்பிச்செல்லும் வழியேயாகும். அது சிலவேளை தேர்தலை வெல்லலாம், வினாவை வெல்லாது.