தகட்டுக்கு அடியில் ஒரு சாண் இடம்



கத்திரி வெயில் தொடங்கிவிட்டது. நம் பங்கு மன்றத்தின் மொட்டை மாடியில் சோலார் தகடுகள் போட்டதிலிருந்து உங்களில் பலர் என்னிடம் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. “ஃபாதர், மாசி மாசத்து மத்தியானம் வந்த அளவுக்கு இந்த வெயில்ல கரண்ட் வரலையே, தகடு பழுதாயிடுச்சா?”

பழுது ஒன்றும் இல்லை. தகட்டுக்கு வேண்டியது வெளிச்சம். சூடு அதற்கு ஆகாது. மேலே விழுகிற வெயிலில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கைத்தான் அது மின்சாரமாக்கும். மிச்சத்தில் பெரும்பகுதி சூடாக அதன் உடம்பிலேயே தங்கிவிடும். தகட்டின் முதுகில் ஒட்டியிருக்கும் சீட்டில் போட்டிருக்கிற வாட் கணக்கு, உள்ளே இருக்கும் சில்லுகள் 25 டிகிரி செல்சியஸில் இருந்தால் கிடைப்பது. மே மாத நண்பகலில் அவை 65 டிகிரியைக்கூட எட்டிவிடும். ஒரு டிகிரி ஏறினால் நூற்றுக்கு 0.3 முதல் 0.4 வரை விளைச்சல் குறையும். அப்படியானால் 100 வாட் தர வேண்டிய தகடு 84-லோ 88-லோ நின்றுவிடும். வோல்டேஜ் சரிவதுதான் முக்கியக் காரணம். சூடு தணிந்தால் அது தானாகவே மீண்டுவிடும்.

சூரியனுக்காகவே செய்த பொருள், சூரியனுக்குக் கீழே நின்றே தளர்ந்து போகிறது. அன்புக்குரியவர்களே, நம் வீடுகளில் அப்படித் தளர்ந்து நிற்பவர் யார்? படுக்கையில் கிடக்கும் மாமியாரைப் புரட்டிப் போட்டு, முதுகுப் புண்ணுக்கு மருந்து வைத்து, இரவில் ஒவ்வொரு முனகலுக்கும் எழுந்திருக்கும் மருமகளை நம்மில் எத்தனை பேர் கவனித்திருக்கிறோம்? அன்பு இல்லாதவளா அவள்? அன்பு செய்துதான் களைத்திருக்கிறாள். “ஜெபமாலையை எடுத்தா கண்ணு சொக்குது, ஆண்டவருக்கு என்மேல கோபமா இருக்குமோ” என்று பயப்படும் தாய்மாருக்கு நான் ஒன்று சொல்ல வேண்டும்.

இறைவாக்கினர் எலியாவை நினைத்துப் பாருங்கள். கர்மேல் மலையில் அவர் மன்றாடியபோது வானத்திலிருந்து நெருப்பு இறங்கியது. அவ்வளவு பெரிய நாளுக்குப் பிறகு, ஈசபேல் அரசியின் மிரட்டல் வந்ததும் பாலைநிலத்துக்குள் ஓடி, ஒரு சூரைச் செடியின் அடியில் உட்கார்ந்து சாவைக் கேட்டார். ஆண்டவர் அவரைக் கடிந்துகொள்ளவில்லை, தூங்கவிட்டார். வானதூதர் வந்து தட்டி எழுப்பியபோது தலைமாட்டில் தணலில் சுட்ட அப்பமும் குவளையில் தண்ணீரும் இருந்தன. சாப்பிட்டுவிட்டு மறுபடியும் படுத்துக்கொண்டார். அதற்கும் கடிந்து ஒரு வார்த்தை கிடையாது. இரண்டாம் முறையும் உணவு வந்தது. இங்கே உனக்கு என்ன வேலை என்று ஆண்டவர் அவரைக் கேட்பது, 40 நாள் நடந்து ஓரேபு மலை சேர்ந்த பிறகுதான். முதலில் தூக்கம், பிறகு சோறு, கேள்வி கடைசியில். இரக்கம் இந்த வரிசையில்தான் வருகிறது.

தளர்கிற தகட்டுக்கும் இளைப்பாற வழி உண்டு. நம் தகடுகளைப் போட்ட தம்பி அவற்றைத் தளத்தோடு ஒட்டவில்லை. இரும்புச் சட்டம் அடித்து, அடியில் காற்று போய்வரத் தாராளமாக இடம் விட்டுத் தூக்கி நிறுத்தினார். போன வாரம் மேலே போய் அந்த இடைவெளியில் கையை நீட்டிப் பார்த்தேன். தகட்டின் முதுகைத் தொட முடியவில்லை. ஆனால் விரல்களுக்கு நடுவே காற்று ஓடிக்கொண்டே இருந்தது, சூட்டை அள்ளிக்கொண்டு. தகரக் கூரையோடு தகட்டை ஒட்டிப் பதித்தவர்கள் ஒரு சாண் இடமாவது விட்டுத் தூக்கப் பாருங்கள்.

தண்ணீர் ஊற்றிக் குளிரவைக்கலாமே என்கிறீர்கள். கழுவுவதானால் விடியற்காலையில் கழுவுங்கள். உச்சி வெயிலில் கொதிக்கிற கண்ணாடிமேல் குளிர்ந்த நீரை அடித்தால் அது விரிசல் விடக்கூடும். போர் தண்ணீரின் உப்பு வெள்ளையாகப் படிந்து வெளிச்சத்தையும் மறைக்கும். குடத்தோடு பெண்கள் வரிசையில் நிற்கிற கோடையில், நாள் முழுக்கத் தகட்டின்மேல் குழாயைத் திறந்துவிட எனக்கு மனம் ஒப்பவில்லை. காற்று போதும், அதற்குக் காசும் இல்லை.

தகட்டைக் குளிரவைக்க இன்னொரு வழியும் உண்டு. மறைந்த நம் திருத்தந்தை பிரான்சிஸ், 2024 ஜூனில், ரோமுக்கு வெளியே சாந்தா மரியா தி கலேரியாவில் திருப்பீடத்துக்குச் சொந்தமான நிலத்தில் சூரிய மின் நிலையம் அமைக்கப் பணித்தார். தகடும் பயிரும் ஒரே நிலத்தைப் பகிர்ந்துகொள்ளும் முறை அது. அப்படிப்பட்ட நிலத்தில் தகடு பயிருக்கு நிழல் தரும். பயிரின் இலைகள் விடுகிற ஈரம் தகட்டின் சூட்டைத் தணிக்கும். படைத்தவர் தம் படைப்புகளை ஒன்றுக்கொன்று எவ்வளவு பரிவாகச் சேர்த்து வைத்திருக்கிறார்!

சூட்டில் தளர்ந்த தகடு பழுதல்ல. அதுபோல, களைத்துப்போன தாயே, மகளே, மகனே, உன் களைப்பு பாவம் அல்ல. ஓடி ஓடி உழைத்த சீடர்களைத் தனியான இடத்துக்கு வந்து சற்று ஓய்வெடுக்கச் சொன்னவர் நம் ஆண்டவர். படகில் தலையணை வைத்துத் தூங்கியவரும் அவரே. ஜெபமாலை பாதியில் கண் சொக்கினால் சொக்கட்டும். மீதியை அவருடைய தாய் பார்த்துக்கொள்வார்.

நம் பங்கின் அன்பியக் குழுக்களின் பொறுப்பாளர்களே, நோயாளிகள் இருக்கிற வீடுகளின் பட்டியல் உங்களிடம் இருக்கிறது. இந்த வாரக் கூட்டத்தில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒருவர் பெயர் எழுதுங்கள். மத்தியானத்தில் போய் ஒரு மணி நேரம் நோயாளியின் பக்கத்தில் உட்கார வேண்டும். பார்த்துக்கொள்பவர் அடுத்த அறையில் படுத்துத் தூங்கட்டும். புத்திமதி எதுவும் வேண்டாம். முடிந்தால் கொஞ்சம் சோறும் குழம்பும் எடுத்துப் போங்கள்.